அமெரிக்கச் சிறையில் பாலியல் வன்முறை: யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும்?

பிறகு வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய தம்பி அமெரிக்காவில் ஒரு கவுண்டி ஜெயிலில், அதாவது மாவட்ட அளவிலான உள்ளூர்ச் சிறையில், விசாரணைக் கைதியாக இருக்கிறார். சின்ன வயது, முதல் தடவையாக உள்ளே போயிருக்கிறார், ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். பாலியல் தொந்தரவு நடக்காமல் தடுக்க அங்கே ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா, நடந்தால் யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. தம்பி போனில், "இங்க ஒருத்தன் சரியில்லக்கா, ஆனா நீ எதுவும் செஞ்சிடாத, சொன்னா இன்னும் மோசமாயிடும்" என்றாராம். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, வாயைத் திறந்தால் தம்பிக்கு நல்லதா கெட்டதா என்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்கச் சிறைகளில் மனநல ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், இந்த மாதிரிப் புகார்கள் என் மேசைக்கு வந்து மேலே போவதையும் சில சமயம் போகாமல் நடுவில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளே ஒரு புகார் எப்படி நகரும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். தம்பியின் வழக்கு, அந்த மாநிலத்தின் தனிச் சட்டம் இரண்டையும் அவருடைய வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். சுருக்கமான பதில் இது: சொல்வதில் ஆபத்து இருக்கிறது, சொல்லாமல் இருப்பதில் அதைவிட அதிகம் இருக்கிறது. வாய்வார்த்தையாகச் சொல்லி, ஜெயிலுக்குள்ளேயே நின்றுவிடும் புகார் அங்கிருப்பவர்களின் நல்ல மனசை நம்பிக் கிடக்கிறது. தேதி போட்டு எழுதி, ஒரு நகல் வெளியே வந்துவிட்ட புகாரை யாராலும் எளிதில் அமுக்க முடியாது. கீழே எழுதுவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சட்டத்தைப் பார்த்துவிடுவோம். சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டம் 2003-இல் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அங்கே எல்லோரும் அதை 'பிரீயா' (PREA) என்பார்கள். ஆனால் அதன் கீழான விரிவான விதிகளை மத்திய நீதி அமைச்சகம் வெளியிட 2012 வரை ஆனது. ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த விதிகளில்தான் இருக்கிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி, கைதி உள்ளே வந்ததும் அவருக்கு உரிமைகளை எடுத்துச் சொல்வது, மேலதிகாரிகள் முன்கூட்டியே சொல்லாமல் ரவுண்டு வருவது, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்காமல் இருப்பது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளி ஆடிட். இங்கே ஒரு விஷயம், உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஃபெடரல் சிறைகளை, அதாவது மத்திய அரசின் சிறைகளை, இந்த விதிகள் நேரடியாகக் கட்டுப்படுத்தும், மாநிலச் சிறைகள் பின்பற்றாவிட்டால் மத்திய மானியத்தில் குறிப்பிட்ட சிலவற்றில் 5 சதவீதம் போகும். கவுண்டி ஜெயில்கள்மீது அந்தப் பிடி தளர்வுதான். நன்றாகச் செய்கிற ஜெயில்களும் உண்டு, பேருக்கு ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டு விடுகிற ஜெயில்களும் உண்டு. அந்த ஜெயிலின் இணையதளத்தில் பிரீயா பக்கம் இருக்கிறதா, ஆடிட் அறிக்கை போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

விதிகள் தளர்வாக இருந்தாலும் அரசியல் சட்டம் எல்லா ஜெயிலுக்கும் பொருந்தும். 1994-இல் ஃபார்மர் எதிர் பிரென்னன் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: ஒரு கைதிக்குக் கடுமையான ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரிந்திருந்தும் அவர் கண்டுகொள்ளாமல் இருந்தால் அது அரசியல் சட்ட மீறல். ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டுத் தாக்குதலுக்கு ஆளான டீ ஃபார்மர் என்ற திருநங்கை தொடுத்த வழக்கு அது. அதில் 'தெரிந்திருந்தும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'எங்களுக்குத் தெரியாது' என்பதுதான் பின்னால் நீதிமன்றத்தில் அவர்கள் சொல்லப்போகும் முதல் பதில். தேதியோடு எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு அந்தப் பதிலை அடைத்துவிடும். தம்பி தண்டனைக் கைதி இல்லை, விசாரணைக் கைதி என்பதால் அவருக்குப் பொருந்தும் சட்டப்பிரிவு வேறு, அளவுகோலும் சில நீதிமன்றங்களில் கொஞ்சம் மாறும். ஆனாலும் எழுத்தில் கொடுப்பதன் பலம் அப்படியேதான் இருக்கும்.

எவ்வளவு பரவலாக நடக்கிறது என்று கேட்பீர்கள். நீதி அமைச்சகத்தின் புள்ளிவிவரப் பிரிவு 2011-12-இல் கைதிகளிடமே பெயர் கேட்காமல் நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பிரிசன்களில் (தண்டனைக் கைதிகளை வைக்கும் மாநில, ஃபெடரல் சிறைகளில்) 4.0 சதவீதம், ஜெயில்களில் 3.2 சதவீதம். வருடத்துக்குப் பல லட்சம் பேர் போய்வரும் இடத்தில் இது சின்ன எண் இல்லை. அதே சமயம், சினிமாக்களைப் பார்த்துவிட்டு, 'உள்ளே போகிற எல்லோருக்கும் நடக்கும்' என்று வீட்டில் யாராவது சொன்னால் அதுவும் உண்மையில்லை. சினிமா இன்னொரு விஷயத்தையும் தப்பாகக் காட்டுகிறது. அந்தக் கணக்கெடுப்பில் சக கைதிகளைக் குறிப்பிட்டவர்களுக்குக் குறையாமல் ஊழியர்களைக் குறிப்பிட்டவர்களும் இருந்தார்கள். சீருடை போட்டவரிடம் ஓடிப்போய்ச் சொல் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது என்பதற்கு அதுதான் காரணம்.

ஆபத்து எல்லோருக்கும் சமமாக இல்லை, இதை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. உள்ளே வந்த 72 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு கைதியையும் சில கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும்: வயது, உடல்வாகு, முதல் தடவையா, உடல் அல்லது மனக் குறைபாடு உண்டா, முன்பு பாலியல் வன்முறைக்கு ஆளானதுண்டா, பால் அடையாளம் குறித்து மற்றவர்கள் எப்படி நினைக்கக்கூடும், தனக்குப் பயமாக இருக்கிறதா. இதை வைத்துத்தான் யாரை யாரோடு ஒரே அறையில் போடக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒரு கவுன்டரில் வைத்துக் கேட்கப்படும், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள், கேட்கிறவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். அந்த நிலைமையில் இருபது வயதுப் பையன் எல்லாக் கேள்விக்கும் 'நோ' என்றுதான் சொல்வான். உங்கள் தம்பியும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. 30 நாளுக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, கைதி கேட்டாலோ புதிதாகத் தகவல் தெரிந்தாலோ அதற்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 'என்னை மறுபடியும் ஸ்கிரீனிங் செய்யுங்கள், தனியாக வைத்துப் பேசுங்கள்' என்று அவர் கேட்கலாம். யார் பெயரையும் சொல்லாமல், யாரையும் காட்டிக்கொடுக்காமல் அறையை மாற்றிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தை அவரிடம் கட்டாயம் கேளுங்கள்: யாரிடமாவது ஏதாவது வாங்கியிருக்கிறாரா? உள்ளே வன்முறை பலமுறை கடனில்தான் ஆரம்பிக்கும். புதிதாக வந்தவனிடம் பணம் இருக்காது, கமிஸரி என்கிற சிறைக் கடையில் ஒன்றும் வாங்க முடியாது. ஒருவன் சிரித்துக்கொண்டே ரெண்டு நூடுல்ஸ் பாக்கெட்டும் காபித் தூளும் கொடுப்பான், போன் பேச நிமிஷமும் கொடுப்பான். அடுத்த வாரம் அது இரட்டிப்பாகும். திருப்பிக் கொடுக்க வழியில்லாத நாளில், 'வேறு விதமாகத் தீர்த்துக்கலாம்' என்ற பேச்சு வரும். 'நான் உனக்குப் பாதுகாப்பு' என்று சொல்லி வருகிறவனும் இதே ரகம்தான். அதனால் அவருடைய கணக்கில் கொஞ்சம் பணம் தொடர்ந்து போட்டு வைப்பது வெறும் வசதிக்கான செலவு இல்லை, அது தடுப்பு ஏற்பாடு. ஊழியர் பக்கத்திலிருந்து வருவது வேறு மாதிரி இருக்கும்: கூடுதல் சலுகை, ரகசியப் பேச்சு, சொந்தக் கதை, அப்புறம் சலவை அறை, சமையல் ஸ்டோர் மாதிரி கேமரா எட்டாத இடத்தில் ஒரு வேலை. இதில் ஒரு விஷயத்தில் துளிச் சந்தேகமும் வேண்டாம். ஊழியர் கைதியோடு உடலுறவு வைப்பது ஃபெடரல் சட்டப்படி 15 வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம், கைதி சம்மதித்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது. மாநிலங்களும் இதைக் குற்றமாக்கியிருக்கின்றன. பிரீயா விதிகளும் சம்மதம் இருந்ததா இல்லையா என்றே பார்க்காமல் அதை வன்முறை என்றுதான் கணக்கில் எடுக்கின்றன. கைதிமீது நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், அந்த ஊழியர் சம்மதிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

சரி, புகாருக்கு வருவோம். விதிப்படி கைதி எந்த ஊழியரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், வாயால் சொன்னாலும் அவர் அதை உடனே எழுதி மேலே அனுப்பியே ஆக வேண்டும். காவலரிடம்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. நர்ஸ், ஆலோசகர், வகுப்பெடுக்கும் ஆசிரியர் என யாரிடம் சொன்னாலும் சரி. 'கைட்' என்று உள்ளே சொல்லப்படும் வேண்டுகோள் சீட்டில் எழுதலாம். பல ஜெயில்களில் டேப்லெட் கொடுத்திருப்பார்கள், அதில் புகார் பகுதி இருக்கும். சுவரில் ஹாட்லைன் எண் ஒட்டியிருக்கும். ஜெயில் நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெளி அமைப்பிடம் புகார் கொடுக்க ஒரு வழியாவது இருக்க வேண்டும், கேட்டால் பெயரைச் சொல்லாமல் அனுப்ப வேண்டும். அவர் எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, 'பிரீயா' என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல வேண்டும் அல்லது சீட்டில் எழுத வேண்டும். 'எனக்கு இங்கே பிரச்சினை' என்றால் அது சாதாரணச் சண்டை என்று ஒதுக்கப்படலாம், 'இது பிரீயா புகார்' என்று கேட்ட ஊழியருக்குக் கேட்காத மாதிரி இருக்க முடியாது. இரண்டு, என்ன நடந்தது என்பதை நாள், நேரம், இடம், யார், என்ன சொன்னான் அல்லது செய்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நாலே வரியில் எழுத வேண்டும். அந்த ஆள் மோசமானவன் என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, 'செவ்வாய் இரவு கைதிகளைத் தலை எண்ணி முடித்த பிறகு என் படுக்கைக்கு வந்து இதைச் சொன்னான்' என்ற ஒரு வரி அதிகம் நிற்கும்.

ஹாட்லைனில் சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்னாளில் வழக்குப் போட வேண்டி வந்தால் அந்த நினைப்பு காலை வாரிவிடும். சிறை வழக்குகளைக் கட்டுப்படுத்தும் 1996 சட்டத்தின்படி, சிறைக்குள் இருக்கும் குறைதீர்ப்பு முறையைக் கடைசிப் படி வரை முயன்று பார்த்த பிறகுதான் கைதி ஃபெடரல் நீதிமன்றம் போக முடியும். ஹாட்லைன் அழைப்பு விசாரணையைத் தொடங்கி வைக்கும், ஆனால் அது 'கிரீவன்ஸ்', அதாவது முறையான குறைதீர்ப்பு மனு, ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அதனால் வாயால் சொன்ன பிறகும், தனியாக எழுத்தில் ஒரு கிரீவன்ஸ் போட்டு, பதில் சாதகமாக இல்லையென்றால் மேல்முறையீடும் செய்ய வேண்டும். பாலியல் வன்முறை பற்றிய கிரீவன்சுக்குக் காலக்கெடு வைக்கக் கூடாது என்று பிரீயா விதி சொல்கிறது, சம்பந்தப்பட்ட ஊழியரிடமே கொடு என்றும் சொல்லக் கூடாது. 'உடனடி ஆபத்து' என்று குறிப்பிட்டுப் போட்டால் 48 மணி நேரத்துக்குள் முதல் பதிலும் 5 நாளுக்குள் முடிவும் வர வேண்டும். தம்பி இருக்கும் நிலைமைக்கு இந்த அவசர கிரீவன்ஸ்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ஏதாவது நடந்த பிறகுதான் இதைப் போட வேண்டும் என்று இல்லை. கைதியிடம் நகல் கிடைக்காமல் போகலாம். அப்போது அதே வாசகத்தை வக்கீலுக்கோ உங்களுக்கோ கடிதமாக எழுதித் தேதி போட்டு அனுப்பச் சொல்லுங்கள், தபால் முத்திரையே சாட்சி ஆகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? முதலில் வக்கீல். அரசு கொடுத்த பப்ளிக் டிஃபெண்டராக இருந்தாலும் அவரிடம் உடனே சொல்லுங்கள். வக்கீல் சந்திப்பு ரகசியமானது, ஒலிப்பதிவு ஆகக் கூடாது. அவர் ஜெயிலுக்கு நேராகப் போன் செய்து அறையை மாற்றச் சொல்லலாம், நீதிபதியிடம் போகலாம், ஜாமீன் மனுவிலும் இதைச் சேர்க்கலாம். தம்பி விசாரணை அதிகாரியிடம் பேசும்போது தன் மீதான வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிவிடக் கூடாது என்பதையும் அவர் சொல்லிக் கொடுப்பார். அடுத்தது, வெளியாட்களும் புகார் கொடுக்கலாம், அதற்கான வழியை நிர்வாகம் பொதுவில் அறிவித்திருக்க வேண்டும். ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகத்தில் பிரீயா ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு மின்னஞ்சல் எழுதி, வக்கீலுக்கு நகல் போட்டு, கிடைத்ததாகப் பதில் கேளுங்கள். போனில் சொன்னால் யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று குறித்து வையுங்கள்.

தம்பியோடு போனில் பேசும்போது ஒரு எச்சரிக்கை. அழைப்புகள் பதிவாகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சினை, போன் இருப்பது எல்லோரும் உட்காரும் கூடத்தின் சுவரில், அடுத்த ஆள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருப்பான். ஆங்கிலச் சொற்கள் ஒன்றுகூட வராமல் தமிழிலேயே பேசுங்கள், பெயருக்குப் பதிலாக ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்கிற மாதிரிக் கேள்வி கேட்டால் அவர் முகம் மாறாமல் பேச முடியும். மொழி சம்பந்தமாக இன்னொன்று: ஆங்கிலம் சரியாக வராத கைதிக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும், அவசரத்தைத் தவிர வேறு எப்போதும் சக கைதியை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பொதுவாகப் போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைப்பார்கள். 'தமிழ்' என்று அழுத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள், இந்தியா என்றதும் இந்தி ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குளிக்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது, உடை மாற்றக் கூடாது, முடிந்தால் சாப்பிடாமல், குடிக்காமல், கழிப்பறை போகாமல் உடனே சொல்ல வேண்டும். உடையைக் கழற்ற வேண்டி வந்தால் காகிதப் பையில் போட வேண்டும், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஊழியர் இருவரையும் பிரித்து வைத்து, இடத்தைப் பூட்டி, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸ் செய்யும் பரிசோதனை அது, பெரும்பாலும் வெளி மருத்துவமனையில் நடக்கும். கட்டணம் கிடையாது, குற்றவாளியின் பெயரைச் சொல்ல மறுத்தாலும் சிகிச்சை உண்டு. கூட ஒரு ஆதரவாளரைக் கேட்கலாம், பல ஊர்களில் உள்ள பாலியல் வன்முறை உதவி மையங்களிலிருந்து வருவார்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பயன். குளித்துவிட்டார், நாலு நாள் ஆகிவிட்டது என்றால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். தடயம் குறையும், ஆனால் புகார் செல்லும். கேமரா பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் எழுதிவிட வேண்டும், ஜெயில்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

இப்போது தம்பியின் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது வெறும் பயமில்லை. புகார் கொடுத்தவரைப் 'பாதுகாப்புக்காக' என்று சொல்லித் தனியறையில் போடுவது நடக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் வெளியே, போன் குறைவு, சந்திப்பு குறைவு, யார் தப்பு செய்தது என்றே சந்தேகம் வருகிற மாதிரி. வேறு வழியே இல்லை என்று ஆராய்ந்த பிறகுதான் இதைச் செய்யலாம், சாதாரணமாக 30 நாளுக்கு மேல் போகக் கூடாது, காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்த எழுத்துபூர்வமான காரணத்தை வக்கீல் கேட்டாலே பல சமயம் வேறு வழி கண்டுபிடிக்கப்பட்டுவிடும், இதை நான் பார்த்திருக்கிறேன். 'காட்டிக்கொடுப்பவன்' என்ற பெயரும் உண்டு. பழிவாங்கல் நடக்கிறதா என்று குறைந்தது 90 நாள் கண்காணிக்க வேண்டும் என்று விதி சொன்னாலும், சக கைதிகளின் பேச்சை எந்த விதியும் நிறுத்தாது. ஆனால் என் அனுபவத்தில், தனியாள் என்று தெரிந்தவன் மேல்தான் கை வைப்பார்கள். வாராவாரம் சந்திப்பு, கடிதம், வக்கீல் வருகை என்று ஒருவனுக்கு வெளியே ஆள் இருக்கிறது என்பது ஊழியர், கைதி இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டால் அணுகுமுறையே மாறும்.

"நீ எதுவும் செஞ்சிடாத" என்று அவர் சொன்னதை மீறலாமா? இதில் நேரான விதி கிடையாது, என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். வெறும் பார்வை, பேச்சு என்ற அளவில் இருந்தால் முதலில் வக்கீல் வழியாகப் பெயர் சொல்லாமல் அறை மாற்றம் கேளுங்கள், அதைத் தம்பிக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 'இன்றைக்கு ராத்திரி' என்ற மாதிரி மிரட்டலோ, தொட்டுவிட்டான் என்ற தகவலோ வந்தால் அனுமதிக்குக் காத்திருக்காமல் அந்த ஷிஃப்டின் தலைமை அதிகாரிக்கே போன் செய்யுங்கள். நீங்கள் அவர் பெயரில் முறையான கிரீவன்ஸ் போட்டால் அவர் சம்மதத்தை ஜெயில் கேட்கலாம். தகவலாகப் புகார் சொல்வதற்கு அந்தத் தடை இல்லை.

முடிவு எப்படி வரும் என்பதிலும் ஏமாந்துவிடாதீர்கள். விசாரணை முடிந்ததும் மூன்றில் ஒன்று சொல்வார்கள்: நிரூபணமானது, நிரூபிக்க முடியவில்லை, நடக்கவே இல்லை. 2015-இல் நாடு முழுக்கப் பதிவான குற்றச்சாட்டுகள் 24,661. அதில் நிரூபணமானவை 1,473 மட்டுமே. நடுவில் உள்ள 'நிரூபிக்க முடியவில்லை' என்பது பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை, நல்லெண்ணத்தோடு சொன்ன புகார் நிரூபணமாகாவிட்டாலும் அதற்காகத் தண்டிக்கக் கூடாது. அந்தக் காகிதம் கோப்பில் இருக்கும். அதே ஆள் மேல் அடுத்தவர் புகார் கொடுக்கும்போது அதற்கு மதிப்பு வரும்.

இந்த ஏற்பாடு முழுவதையும் நான் எவ்வளவு நம்புகிறேன் என்று கேட்டால், பாதிதான். கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் பெண்களுக்கான ஃபெடரல் சிறை ஒன்று இருந்தது. விதிகள் எல்லாம் முழுதாகப் பொருந்தும் இடம். அங்கே சிறையின் தலைமை அதிகாரியான வார்டனே கைதிகளைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதாக 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறையின் மதகுரு உட்பட இன்னும் பல ஊழியர்களும் தண்டிக்கப்பட்டார்கள். 2024-இல் அந்தச் சிறையை மூடினார்கள், அதே வருடக் கடைசியில் 103 பெண்களுக்கு ஏறக்குறைய 11 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு தர அரசு ஒப்புக்கொண்டது. 2022 டிசம்பரில் செனட் துணைக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, பெண்கள் இருந்த 29 ஃபெடரல் சிறைகளில் குறைந்தது 19-இல் பத்து வருடங்களில் ஊழியர்கள் இப்படி நடந்திருக்கிறார்கள் என்றது. ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பது ஆடிட் செய்யப்படும் நிர்வாகமே என்பதும், வரும் தேதி முன்கூட்டியே தெரியும் என்பதும் என்னைப் போன்றவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்தான். பிரீயாவை மீறினார்கள் என்பதை மட்டும் வைத்துக் கைதி வழக்குப் போட முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன, அரசியல் சட்ட உரிமையை வைத்துத்தான் போட வேண்டும். டப்ளினில் உள்ளேயே சொன்ன புகார்கள் வருடக்கணக்கில் கிடந்தன. வக்கீல்கள், பத்திரிகையாளர்கள், புலனாய்வுத் துறை என்று வெளியே போன பிறகுதான் நகர்ந்தன.

தம்பி அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் இன்னும் இரண்டு விஷயம். குடியேற்றத் துறை காவலுக்கு மாற்றினால் அங்கே 2014-இல் வந்த தனி பிரீயா விதிகள் உண்டு, ஏற்கெனவே கொடுத்த புகாரின் விவரத்தை வக்கீல் அங்கேயும் தெரியப்படுத்த வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி, விசாரணைக்கு ஒத்துழைத்தவர்களுக்கு யு விசா என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 10,000 பேர் என்ற வரம்பு, காத்திருப்பு வருடக்கணக்கில், ஆனாலும் குடியேற்ற வக்கீலிடம் கேட்டு வைப்பது நல்லது. சொந்த நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு, அவர்கள் ஒருமுறை வந்து பார்த்தாலே ஜெயில் நிர்வாகம் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். மாநிலம் எது, தண்டனை எதற்காவது வந்திருக்கிறதா, விடுவிக்காமல் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிக் குடியேற்றத் துறை 'டிடெய்னர்' போட்டிருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தம்பியின் பெயரையும் ஜெயிலின் பெயரையும் இங்கே எழுத வேண்டாம். உள்ளே டேப்லெட் வைத்திருப்பவர்களின் சொந்தக்காரர்களும் இதையெல்லாம் படிப்பார்கள்.